12-ஐத் தேடினால் 2012 வருகிறது: நிரல் தேடல் பற்றி வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில், ஸ்கிரிப்ட்டுகளுக்குள் தேடுவதும் சலிப்பதும் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும். ‘சின்ன’, ‘பெரிய’ என்று சொல்லியிருப்பது எழுத்தின் கேஸ். ‘வரி’ என்றால் அரசாங்கத்துக்குக் கட்டுவது; கோப்பில் இருப்பதை ‘லைன்’ என்றே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது பித்தளை, எவர்சில்வர் பாத்திரக் கடை. பில் போடும் பிஎச்பி நிரல் 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது எழுதியது. எழுதித் தந்தவர் இப்போது ஊரில் இல்லை. 2025 செப்டம்பர் 22-இல் 12 சதவீதம் 5 ஆனதும் ஓரிடத்தில் மாற்றினேன். ஆனாலும் சில பில்களில் பழைய தொகையே வருகிறது. மொத்த ஃபோல்டரிலும் ‘12’ என்று தேடினால் 2012, 120, 1200, போன் நம்பர் என்று எல்லாம் வந்து விழுகிறது. எப்படிச் சலிப்பது?
– கடைக்காரர், காரைக்குடி

பதில்: தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, 12 சதவீதத்தை ஒரு நிரலாளர் எத்தனை விதமாக எழுதக்கூடும் என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலையில் பாதி அதுதான். 12, 12.0, 12.00 என்று இருக்கலாம். பெருக்குவதற்கு 0.12 அல்லது வெறும் .12 என்று இருக்கலாம். வரியோடு சேர்த்த விலைக்கு 1.12. தமிழ்நாட்டுக்குள் விற்கும்போது மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரிவதால் 6, 0.06. வரி உள்ளடங்கிய விலையிலிருந்து வரியைப் பின்னோக்கிப் பிரிக்கும் இடத்தில் 112. சிலர் அந்த வகுத்தலையும் முன்பே போட்டு 0.1071 (12-ஐ 112-ஆல் வகுத்தது) அல்லது 0.8929 (1-ஐ 1.12-ஆல் வகுத்தது) என்று நேராக எழுதிவிடுவார்கள். நீங்கள் மாற்றியது வெளிப்படையான 12 ஒன்றைத்தான் என்று தெரிகிறது. மிச்சம் இந்த மாறுவேடங்களில் எங்கோ இருக்கிறது.

முதலில் தசமங்களைத் தேடுங்கள், இவற்றில் குப்பை குறைவு. கோப்புகளுக்குள் தேடும் கிரெப் கட்டளைக்குச் சின்ன ஆர் (உள்ளே இருக்கும் ஃபோல்டர்களும்), சின்ன என் (லைன் எண்), பெரிய ஈ (விரிவான ரெஜெக்ஸ், அதாவது தேடும் எழுத்தமைப்பைச் சொல்லும் குறிமொழி) மூன்றையும் கொடுத்து, இந்த பேட்டர்னை ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள்:

'(^|[^0-9.])(0?\.(12|06)0*|1\.120*)([^0-9]|$)'

முன்பக்க அடைப்பு, ‘லைனின் தொடக்கம், அல்லது எண்ணும் புள்ளியும் அல்லாத ஏதோ ஒன்று’ என்கிறது. அதனால் 10.12 வராது. பின்பக்க அடைப்பு 0.125-ஐ வெட்டிவிடும். நடுவில் இருக்கும் 0* என்பது 0.120 என்று எழுதியிருந்தாலும் பிடிக்கும். மேற்கோள் ஒற்றையாக இருப்பது முக்கியம். இரட்டை மேற்கோளில் டாலர் குறிக்குப் பின் எழுத்து வந்தால், ஷெல் (டெர்மினலில் தட்டுவதை வாங்கி ஓட்டும் நிரல்) அதை மாறியாக எடுத்துக்கொண்டு காலியாக்கிவிடும். மேற்கோளே இல்லாவிட்டால் அடைப்புக்குறியைப் பார்த்ததுமே ஷெல் பிழை சொல்லும்.

அடுத்து முன்வகுத்த எண்கள்: '\.(1071|0535|0536|892|893)'. இதில் ஒரு லைன் வந்தாலே பெரும்பாலும் அது நீங்கள் தேடும் இடம்தான்.

கடைசியாக முழு எண்கள்:

'(^|[^0-9.])(12|6|112)(\.0+)?([^0-9.]|$)'

இதற்குப் பதில் ‘முழுச் சொல்’ என்ற டபிள்யூ ஆப்ஷன் போதாதா என்று கேட்கலாம். போதாது. அடிக்கோடு அதன் கணக்கில் எழுத்துக்குச் சமம் என்பதால், ‘டாக்ஸ்_12’ என்ற மாறி அதில் சிக்காது. மேலே உள்ள பேட்டர்னில் சிக்கும்.

இந்த மூன்றாவது தேடலில் மாதம், தேதி, கேலண்டர் எல்லாம் வரும். முடிவுகளைப் பைப் (|) வழியாக இன்னொரு கிரெப்புக்கு அனுப்பி, சின்ன வி போட்டு ‘டேட்’ உள்ள லைன்களைத் தள்ளிவிடத் தோன்றும். இங்கேதான் பலர் விழுகிறார்கள். முதல் கிரெப் ஒவ்வொரு லைனுக்கு முன்னும் கோப்பின் பெயரை ஒட்டித்தான் அனுப்புகிறது. கோப்பின் பெயரே ‘அப்டேட்_பில்’ என்று இருந்தால், அதற்குள்ளும் ‘டேட்’ இருப்பதால் அந்தக் கோப்பு முழுவதும் சத்தமில்லாமல் காணாமல் போகும். ':[0-9]+:.*டேட்' என்று எழுதினால் லைன் எண்ணுக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் பார்க்கும். அப்படியும், ஒரே லைனில் தேதியும் வரியும் இருந்தால் அதுவும் போய்விடும். ஆகவே தள்ளியதையும் ஒரு கோப்பில் சேமித்து ஒரு பார்வை பாருங்கள். வி இல்லாமல் அதே பேட்டர்னைப் போட்டால் தள்ளப்பட்டவை கிடைக்கும்.

கண்டுபிடித்ததும் செட் (எஸ்-ஈ-டி) என்ற மாற்றும் கட்டளையால் மொத்தமாக 12-ஐ 5 ஆக்கிவிடாதீர்கள். செப்டம்பர் 22-க்கு முந்தைய பில்லை மறுபடி அச்சிட்டால் பழைய வீதம்தான் வரவேண்டும். வீதத்தைத் தேதியோடு ஒரு அட்டவணையில் வைத்து, எல்லா இடமும் அங்கிருந்து எடுக்கும்படி மாற்றுவதுதான் சரி.

இன்னொன்று. பழைய பாதி 6, முழு எண். புதிய பாதி 2.5. நிரலில் முழு எண்ணாக்கும் ‘(இன்ட்)’ எங்காவது ஒளிந்திருந்தாலோ, தரவுத்தளத்தில் அந்தப் பத்தி முழு எண் வகையாக இருந்தாலோ 2.5 சரியாக நிற்காது. நிரல் அதை 2 ஆக வெட்டும், தரவுத்தளம் 3 ஆகக்கூட உருட்டும். ‘இன்ட்’ என்பதையும் ஒருமுறை தேடுங்கள். வீதமே ஸ்கிரிப்ட்டில் இல்லாமல் தரவுத்தள அட்டவணையில் உட்கார்ந்திருந்தால், கிரெப் எத்தனை முறை ஓடினாலும் பூஜ்யம்தான் சொல்லும். அதற்குத் தரவுத்தளத்தை டம்ப் (மொத்தமாக ஒரு டெக்ஸ்ட் கோப்பு) எடுத்து, அந்தக் கோப்பையும் இதே பேட்டர்ன்களால் தேட வேண்டும்.

கேள்வி: ஆச்சி நடத்தும் பலகாரக் கடைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ஒட்டி, பைத்தானில் ரெஜெக்ஸ் போட்டுப் பிரிக்கிறேன். ‘கொட்டான்’ (ஓலைப் பெட்டி) என்று தேடினால் கண்ணுக்குத் தெரியும் கொட்டானே சில லைன்களில் சிக்குவதில்லை. மனகோலம், சீப்புச் சீடையிலும் இதே தொல்லை.
– கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கின்றன. மனகோலம், மனக்கோலம் என்று ஆளுக்கு ஒருவிதமாக எழுதுவது எளிய சிக்கல்: மன(க்)?கோலம் என்று எழுதினால் இரண்டும் வரும். சீப்பு(ச்)? *சீடை என்றால் ஒற்று இருந்தாலும், இல்லாவிட்டாலும், சேர்த்தே எழுதியிருந்தாலும் வரும்.

கொட்டான் விஷயம் வேறு. ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, 3018 என்ற ஒரே குறி. மற்றது, முன்னால் வரும் கொம்பு 3014, பின்னால் வரும் கால் 3006 என்று இரண்டு குறிகள். திரையில் அச்சாக ஒன்றுபோலத் தெரியும். நிரலுக்கு இரண்டும் வேறு வேறு. ‘கோ’வுக்கும் இதே கதை: 3019 அல்லது 3015-உம் 3006-உம். ஆகவே மனகோலமும் இதில் மாட்டும். எந்த விசைப்பலகையில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். பேட்டர்னில் இரண்டு வடிவத்தையும் எழுதி மல்லுக்கட்ட வேண்டாம். கோப்பைப் படித்தவுடன் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனில் ‘என்எஃப்சி’ கொடுத்து எல்லாவற்றையும் ஒற்றைக் குறி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பேட்டர்னையும் அதே சல்லடையில் ஒருமுறை போடுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம்.

என்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்யாது. ‘கௌ’வுக்குப் பதில் கொம்பு போட்டு ள சேர்த்து ‘கெள’ என்று எழுதினால் அது அப்படியே இருக்கும். ‘ஸ்ரீ’ இரண்டு விதமாகத் தட்டப்படுகிறது, முதல் எழுத்து ஸ ஆகவும் ஶ ஆகவும். கடைப் பெயர்களில் இது நிறைய வரும். வாட்ஸ்அப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ ஒட்டும்போது 8203, 8204 என்ற கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகளும் நடுவே வந்து உட்காரும். அவற்றை நீங்களே நீக்க வேண்டும். கோப்பின் முதல் லைன் மட்டும் ^ போட்டுத் தேடினால் சிக்கவில்லையா? தொடக்கத்தில் 65279 என்ற குறி ஒட்டியிருக்கும். கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் போய்விடும்.

சொல் சொல்லாகப் பிரிக்க \டபிள்யூ+ பயன்படுத்தினால் பைத்தானின் சொந்த ஆர்ஈ தொகுதி காலை வாரும். அது எழுத்து என்று ஒப்புக்கொள்வது உயிரையும் அகர மெய்யையும்தான். புள்ளியும் உயிர்க்குறிகளும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. ‘ஆத்தங்குடி’ என்ற ஒரே சொல், ஆத, தங, க, ட என்று நான்கு துண்டாக வரும். தனியாக நிறுவும் ‘ரெஜெக்ஸ்’ தொகுதியிலும், கிரெப்பைப் போன்ற ரிப்கிரெப் கருவியிலும் இந்தக் குறை இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் \டபிள்யூ ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதையும் ஏற்காது. பிஎச்பியில் பேட்டர்னின் கடைசியில் சின்ன யூ போடாவிட்டால் இன்னும் மோசம். அது பைட் பைட்டாகப் பார்க்கும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒரே 224. அந்த நிலையில் [கச] என்று எழுதி நீக்கச் சொன்னால், எல்லாத் தமிழ் எழுத்திலிருந்தும் ஒரு பைட்டையாவது பிய்த்துவிட்டுக் கேள்விக்குறிக் கட்டங்களைத் தந்துவிடும்.

எண்ணிக்கை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொட்டான், நம் கணக்கில் நாலெழுத்து. கணினிக்கு 8 குறி, 24 பைட். ரெஜெக்ஸில் ஒரு ‘.’ ஒரு குறியைத்தான் விழுங்கும் என்பதால், நாலெழுத்துச் சொல்லுக்கு நாலு புள்ளி போட்டால் வராது. பைத்தானில் [ஃ-ஹ][ா-்]? என்பது நடைமுறைக்கு ஒரு தமிழ் எழுத்து. எடிட்டரில் இந்த உயிர்க்குறிகள் இடம் மாறித் தெரியும் என்பதால், நிரலில் அவற்றை யூனிகோட் எண்ணாகவே எழுதுவது நல்லது. க்ஷ, ஸ்ரீ இரண்டு மட்டும் இரண்டிரண்டாக எண்ணப்படும்.

ஆர்டர் அளவுகளுக்கு \டி+ போட்டிருந்தால் ஒரு சின்ன ஆச்சரியம்: பைத்தானில் அது ௧, ௨ முதலான தமிழ் எண்களையும் பிடிக்கும், இன்ட் ஃபங்ஷன் அவற்றை ஒழுங்காக எண்ணாகவும் மாற்றும். ௰, ௱, ௲ மூன்றும் வராது. அவை இட மதிப்பு இலக்கங்கள் அல்ல.

கேள்வி: ஒன்பது நகரக் கோயில்களின் (நகரத்தாரின் குலக் கோயில்கள்) பெயர்கள் வரும் கட்டுரைகளையும் அவற்றை அடுக்கும் ஸ்கிரிப்ட்டுகளையும் வைத்திருக்கிறேன். ‘மாத்தூர்’ என்று தேடினால் பாதிதான் வருகிறது.
– வாசகர், பிள்ளையார்பட்டி

பதில்: ‘மாத்தூரில்’, ‘மாத்தூருக்கு’ என்று வேற்றுமை ஏறியதும் ர்-இன் புள்ளி போய் ரி, ரு ஆகிவிடுகிறது. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு மாத்தூர என்று தேடுங்கள், எல்லாம் வரும். நேமம் ‘நேமத்தில்’ ஆகும் என்பதால் நேம(ம்|த்). வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி போன்றவற்றில் இகர ஈறு அப்படியே நிற்கும், இரணியூர் போன்ற ரகர ஈற்றுக்கு மட்டும் புள்ளியை விடுங்கள். வெறும் ‘குடி’ என்று மட்டும் தேடாதீர்கள்: இளையாத்தங்குடி, இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி நான்கோடு ஆத்தங்குடி, குன்றக்குடி, காரைக்குடி எல்லாம் சேர்ந்து வரும்.

கேள்வி: விண்டோஸில் ஃபைண்ட்ஸ்டர் போதுமா? இரண்டு சொல்லைத் தந்தால் சம்பந்தமில்லாத லைன்களும் வருகின்றன.
– கணக்கர், பள்ளத்தூர்

பதில்: ஃபைண்ட்ஸ்டர் மேற்கோளுக்குள் இருக்கும் இடைவெளியை ‘அல்லது’ என்று எடுத்துக்கொள்ளும். சொற்றொடராகத் தேட /சி: போட்டு அதன் பின் மேற்கோள் கொடுக்க வேண்டும். தமிழ்த் தேடலுக்கு அதை நம்ப வேண்டாம். பவர்ஷெல்லின் செலக்ட்-ஸ்டிரிங் அல்லது ரிப்கிரெப் மேல். ஒன்று மட்டும் கவனம்: விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் > போட்டுச் சேமித்த கோப்பு யூடிஎஃப்-16. அதை லினக்ஸுக்குக் கொண்டுபோய் கிரெப் போட்டால், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் ‘இல்லை’ என்றே சொல்லும்.

கேள்வி: மின்கலச் சோதனைத் தரவுகளை அலசும் ஜூபிட்டர் நோட்புக்குகள் நிறைய இருக்கின்றன. கிரெப் போட்டால் திரை முழுக்கக் கண்டபடி எழுத்துகள் கொட்டுகின்றன. தேடிய லைன் கண்முன் இருந்தும் சில சமயம் வருவதில்லை. ரிப்கிரெப் சில ஃபோல்டரைத் தொடுவதேயில்லை.
– ஆராய்ச்சி மாணவி, காரைக்குடி

பதில்: நோட்புக் கோப்பு உண்மையில் ஜேசன் (தரவை எழுத்தாகச் சேமிக்கும் ஒரு வடிவம்). வரைபடங்கள் அதற்குள் லட்சக்கணக்கான எழுத்துகள் கொண்ட ஒரே லைனாக இருக்கும். அந்த லைனில் உங்கள் சொல் தற்செயலாக அமைந்தால் முழு லைனும் கொட்டும். ரிப்கிரெப்பில் பெரிய எம் போட்டு 200 என்று கொடுத்தால் அதைவிட நீளமான லைன்களை அச்சிடாது. தேடியது வராததற்குக் காரணம், நீங்கள் எழுதிய நிரலே ஜேசன் மேற்கோளுக்குள் இருப்பதுதான். நோட்புக்கில் ["மின்னழுத்தம்"] என்று தெரிவது கோப்பில் [\"மின்னழுத்தம்\"] என்று இருக்கும். மேற்கோளை விட்டுவிட்டு உள்ளிருக்கும் சொல்லை மட்டும் தேடுங்கள். அடிக்கடி தேடுவதென்றால் என்பிகன்வர்ட் கொண்டு சாதாரண பைத்தான் கோப்புகளாக மாற்றி ஒரு தனி ஃபோல்டரில் வைத்துவிடுவது நிம்மதி.

ரிப்கிரெப், கிட்டின் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) இக்னோர் கோப்பில் உள்ளவற்றையும், மறைகோப்புகளையும், பைனரிகளையும் தானாகவே தாண்டிப் போகும். வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஒன்றும் கிடைக்கவில்லை என்று முடிவு கட்டும் முன் மூன்று சின்ன யூ போட்டு (-யூயூயூ) ஒருமுறை ஓட்டுங்கள். அப்போது எதையும் விடாது.

கேள்வி: பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறோம். முன்பதிவுப் படிவத்தில் விருந்தினர் பெயரைச் சோதிக்க ^([^ ]+ ?)+$ என்ற பேட்டர்ன். பெரும்பாலும் சரி. சில தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் பிரவுசர் டேப் உறைந்துபோகிறது. அதே பெயரை பிஎச்பிக்கு நேரே அனுப்பினால் ‘தவறான பெயர்’ என்கிறது.
– விடுதி மேலாளர், கானாடுகாத்தான்

பதில்: பெயரின் கடைசியில் இரண்டு இடைவெளி விழுந்திருக்கும், பாருங்கள். பேட்டர்னில் அடைப்புக்குள் ஒரு +, வெளியே ஒரு +. பெயர் பொருந்தாதபோது, அதே எழுத்துகளை எத்தனை விதமாகத் துண்டு போடலாமோ அத்தனையையும் எந்திரம் முயன்று பார்க்கும். இடைவெளியில்லாத 25 குறிகள் என்றால் 2-இன் 24 அடுக்கு, அதாவது சுமார் 1 கோடியே 68 லட்சம் வழிகள். ஒரு குறி கூடினால் இரண்டு மடங்கு. தமிழ்ப் பெயர் கண்ணுக்குக் குட்டையாகத் தெரிந்தாலும் குறிகள் அதிகம்: மெய்யப்பன் ஆறெழுத்து, 10 குறி. சின்ன யூ இல்லாத பிஎச்பிக்கு 30 பைட். அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதினால் தப்பிக்கும் பெயர் தமிழில் மாட்டுகிறது.

பிஎச்பி உறையாததற்குக் காரணம், பேக்டிராக் (திரும்பி வந்து வேறு வழி முயல்வது) வரம்பு இயல்பாக 10 லட்சம். தாண்டினால் பிரெக்_மேட்ச் ஃபால்ஸ் தரும். பொருந்தவில்லை என்பதற்கு அது தருவது 0. ஆச்சரியக்குறி போட்டுச் சோதிக்கும் நிரலுக்கு இரண்டும் ஒன்றே. மூன்று சமக்குறி போட்டு ஃபால்ஸைத் தனியே பாருங்கள்.

தீர்வு: முதலில் டிரிம் செய்துவிட்டு (ஓரத்து இடைவெளிகளை வெட்டிவிட்டு) ^[^ ]+( [^ ]+)*$ என்று மாற்றுங்கள். இதில் ஒவ்வொரு துண்டுக்கும் இடைவெளி கட்டாயம், ஆகவே வழி ஒன்றே ஒன்றுதான். டிரிம் செய்ய மொழியிலேயே உள்ள ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் படுத்ததே ஓரத்து இடைவெளியை வெட்டும் ஒரு ரெஜெக்ஸால்தான்; சுமார் 20,000 இடைவெளிகள் தொடர்ந்து இருந்த ஒரே லைன், கிட்டத்தட்ட 20 கோடி ஒப்பீடு. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் சுமார் 27 நிமிடம் முடங்கியதும் இதே இனத்து நோய்.

கிரெப், ரிப்கிரெப், கோ மொழியின் ரெஜெக்ஸ் ஆகியவை இப்படி வழி வழியாகத் திரும்பி வராமல் எல்லா வழிகளையும் ஒரே ஓட்டத்தில் பார்ப்பவை. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1968-இலேயே இந்த முறையை வெளியிட்டுவிட்டார். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி நான்கும் திரும்பி வருபவை. எனவே டெர்மினலில் கிரெப்பில் சோதித்து வேகமாக ஓடுகிறது என்பதை வைத்து, அதே பேட்டர்னைப் படிவத்தில் போட்டுவிடக் கூடாது.

கேள்வி: மேற்கோளுக்குள் இருப்பதை எடுக்க ".*" போட்டால் முதல் மேற்கோளிலிருந்து கடைசி மேற்கோள் வரை அள்ளிக்கொண்டு வருகிறது.
– மாணவர், கண்டனூர்

பதில்: * பேராசைக்காரர். "[^"]*" என்று எழுதுங்கள்.

கேள்வி: யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்களை கிரெப்பால் கண்டுபிடித்து அழிக்கலாமா?
– நிரலாளர், கோட்டையூர்

பதில்: சந்தேகப் பட்டியல் தயாரிக்கலாம், அழிக்கக் கூடாது. டபிள்யூ ஆப்ஷனோடு பெயரைத் தேடி, ஓ ஆப்ஷனும் சேர்த்து, வந்த லைன்களை எண்ணுங்கள். சின்ன சி ஆப்ஷன் லைன்களைத்தான் எண்ணும், ஒரே லைனில் இருமுறை வந்தால் ஒன்று என்றே சொல்லும். ஒன்று மட்டும் வந்தால் அது ஃபங்ஷனை வரையறுத்த இடம். ஆனால் கமெண்ட்டில் பெயர் வந்தாலும் எண்ணிக்கை கூடும். பெயரைச் சரமாக ஒட்டி கெட்ஆட்டர் (பெயரைக் கொண்டு தேடி எடுக்கும் பைத்தான் ஃபங்ஷன்) வழியாகக் கூப்பிட்டால் எண்ணிக்கையே வராது. பிரிந்து பல லைன்களில் ஓடும் அழைப்புகளின் அமைப்பும் ரெஜெக்ஸுக்குப் புரியாது. அதற்கு ஏஎஸ்டி-கிரெப், செம்கிரெப் போல நிரலின் கிளையமைப்பைப் படிக்கும் கருவிகள் வேண்டும். ஏற்கெனவே அழித்துவிட்டு எந்த மாற்றத்தில் போனது என்று தேடுபவர்களுக்கு: கிட் லாக் கட்டளையில் பெரிய எஸ்-ஐ ஒட்டி அந்தப் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரின் எண்ணிக்கை கூடிய அல்லது குறைந்த கமிட்டுகளை (சேமித்த மாற்றங்களை) மட்டும் காட்டும்.